பட்டறை நாய்க்குப் படித்துக் காட்டிய கதை

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முறை வந்ததும் எழுந்து நின்றிருக்கிறாள், புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டீச்சர் எனக்கு போன் செய்தார். நான் அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வண்டியை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கன்னடமும் இங்கிலீஷுமாக அவர் சொன்னது இவ்வளவுதான்: பெண்ணுக்கு வாசிக்கத் தெரிகிறது, ஆனால் வாசிக்க மாட்டேன் என்கிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா?

வீட்டில் பிரச்சினை ஒன்றும் இல்லை. அவளுக்கு நாலு வயதிலிருந்தே திக்கல் உண்டு. ‘ப’வும் ‘க’வும்தான் அவளை ரொம்பப் படுத்தும். ‘அப்பா’, ‘அம்மா’ தடையில்லாமல் வரும். ‘பால்’ வராது. அதனால் பால் வேண்டுமென்றால் “டம்ளர்ல குடிப்பேனே, அது” என்பாள். படிக்கட்டுக்கு ‘ஸ்டெப்ஸ்’. கத்தரிக்காய்க்கு விரலை நீட்டிக் காட்டுவதோடு சரி. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வாக்கியம் முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, மேடு பள்ளம் இருக்கும் இடத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளை. புத்தகம் வாசிக்கும்போது அப்படிச் சுற்ற முடியாது. அச்சடித்திருப்பதைத்தானே படிக்க வேண்டும்.

விஷயத்தை என் மனைவிதான் மெல்லப் பேச்சுக் கொடுத்து வாங்கினாள். “கிளாஸ்ல ஒரு பொண்ணு இவ மாதிரியே திக்கித் திக்கிப் பேசிக் காட்டுதாம். எல்லாம் சிரிக்குதுங்களாம்.”

“நாளைக்கே ஸ்கூலுக்குப் போறேன்” என்றேன்.

“போயி இன்னா பண்ணுவ? எட்டு வயசுப் பொண்ணுகிட்ட சண்டை போடுவியா?”

போகவில்லை. ஆனால் அந்த முகம் தெரியாத பெண்ணிடம் என்ன பேச வேண்டும் என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சில்க் போர்டு சிக்னலில் அதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனோம். தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கட்டும், நடுவில் திருத்தாதீர்கள், வார்த்தையை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லாதீர்கள் என்றார். கேட்க எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து நானும் மனைவியும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு வரி படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“நீங்க ரெண்டு பேரும் எ-என் வாயையே பாக்குறீங்க.”

அடுத்த நாள் நான் ஜன்னலைப் பார்த்தேன். மனைவி கீரை ஆய்ந்தாள். “கீரையைப் பாக்குற மாதிரி நடிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாங்கள் இருப்பது அடுகோடி என்கிற பகுதியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே, முதல் மாடியில். பட்டறை ஷட்டரை ஒட்டி ஒரு சாக்கு கிடக்கும். அந்தச் சாக்கில் ஒரு நாய் கிடக்கும். மண் நிறம், ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, வாலில் எப்போதும் கிரீஸ். தெருவில் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். அது எதற்கும் திரும்பாது. யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் அடுத்த தெருவிலிருந்துகூட வந்துவிடும். பட்டறைக்காரரிடம் “உங்க நாயா?” என்று கேட்டால், “என் நாய் இல்ல, இங்க இருக்குது” என்பார். காவல் காக்குமா என்று கேட்டால் சிரிப்பார்.

எனக்கு ஐ.டி. கம்பெனிகளின் காலை ஷிப்ட் ஆட்களைக் காரில் ஏற்றி இறக்கும் வேலை. விடியும்போது ஏற்றிக்கொண்டு போய் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறக்கிவிட்டால், மறுபடி மூன்று மணிக்குத்தான் அவர்கள் வெளியே வருவார்கள். வீடு திரும்ப நாலரை ஐந்து ஆகும். அப்படி ஒரு புதன்கிழமை வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். படிக்கட்டின் கடைசிப் படியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். நாயைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“எ-என் ரப்பரை ஏன் கடிச்ச? ப-ப-பால் ஊத்தினேன் இல்ல? ப-பால் குடிச்சிட்டு ரப்பரையும் தின்னா இன்னா அர்த்தம்?”

நாய் காதைச் சொறிந்துகொண்டது. அவள் திக்கினாள். திக்கின இடத்தில் நின்றாள், வார்த்தை வரும்வரை காத்திருந்தாள், வந்ததும் மேலே போனாள். பாலைப் பால் என்றே சொன்னாள். நான் பக்கத்துக் கேட்டுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் கேன் போடுகிறவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே கேட்டேன். “உன் ரீடர் புத்தகத்தை அதுக்குப் படிச்சுக் காட்டறியா?”

“அதுக்கு போர் அடிக்கும்பா. நாய் பத்தி இருந்தா கேக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் தேடினேன். படப் புத்தகங்களில் இருந்த நாய்களெல்லாம் பங்களாவில் இருந்தன. புல்தரையில் பந்து விளையாடின. ஒன்று காரின் முன்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம நாய்க்கு இது எதுவும் புரியாது” என்று திருப்பி வைத்துவிட்டாள்.

அப்படித்தான் நான் எழுத வேண்டியதாயிற்று. நான் கோலார் தங்க வயலில் பிறந்து தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன். அப்பா சுரங்கத்தில் இறங்கினவர். சுரங்கத்தை மூடின பிறகு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மழைக்காலத்தைப் பற்றி எழுதின ஒன்றரைப் பக்கம்தான் அதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது. என் மகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும். தமிழ் எழுத்தை அவள் அம்மா வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு. எனக்குக் கதை என்று வந்தால் தமிழில்தான் வரும் என்பதால் தமிழிலேயே பெரிய பெரிய எழுத்தாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினேன்.

முதல் அத்தியாயம் இப்படி ஆரம்பித்தது: ‘ஓர் ஊரில் ஒரு நல்ல நாய் இருந்தது. அது தினமும் காலையில் எழுந்து பல் துலக்கும். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லும்.’

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள். மூன்று நிமிடத்தில் மேலே வந்துவிட்டாள்.

“ப-பல் துலக்கினதுமே எழுந்து போயிடுச்சுப்பா.”

“எங்க?”

“கறிக்கடைக்கு.”

எனக்கு ரோஷமாகிவிட்டது. அடுத்த நாள் பார்க்கிங்கில், தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே, சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு யோசித்தேன். சுற்றிலும் மற்ற டிரைவர்கள் ஜன்னலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்கினார்கள். எதிரே ஒரு கம்பெனி கேட். செக்யூரிட்டி நாற்காலியில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒரு நாய், இடப்பக்கம் ஒரு நாய், இரண்டும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்தன. கழுத்தில் அட்டை இல்லாததுதான் குறை. அங்கேயே கதை பிடிபட்டுவிட்டது. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் இருக்கும் இரண்டு நாய்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு செக்யூரிட்டி வேலை தேடிப் போகின்றன. ஒருவன் குண்டன். தான் பெரிய வீரன் என்று நினைப்பு, ஆனால் குடையைக் கண்டால் நடுங்குவான். இன்னொருவன் ஒல்லியன். அவனுக்குப் பொய் சொல்ல வராது, அதனால் எந்த இன்டர்வியூவும் தேறாது.

‘“உங்களுக்கு என்ன வேலை தெரியும்?” என்று மேனேஜர் கேட்டார்.

“திருடனைக் கண்டால் குரைப்போம்” என்றான் குண்டன்.

“திருடன் பிஸ்கட் வைத்திருந்தால் குரைக்க மாட்டோம்” என்றான் ஒல்லியன்.’

இந்த அத்தியாயத்துக்கு நாய் எழுந்து போகவில்லை. இன்டர்வியூ முடியும்வரை இருந்தது என்றாள் மகள். மறைந்திருந்து கேட்டபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. குண்டன் உறுமும் இடங்களில் என் மகளும் நிஜமாகவே உறுமினாள். “உர்ர்ர்” என்று அவள் பல்லைக் காட்டும்போதெல்லாம் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. உறுமலில் அவளுக்குத் திக்கல் இல்லை. குண்டன் குரலில் பேசும்போதும் அவ்வளவாக இல்லை. நான் சும்மா இருப்பேனா? அடுத்த அத்தியாயத்தில் வரிக்கு வரி உறுமல் வைத்தேன். மனைவி நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “இன்னாப்பா இது, பாதிக் கதை உர்ருன்னே கீது?” என்றாள்.

நான் செய்த இன்னொரு தந்திரம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்த அத்தியாயத்தில் ‘ப’வில் ஆரம்பிக்கும் வார்த்தை எதையும் எழுதாமல் பார்த்துக்கொண்டேன். ரொம்ப சிரமமான வேலை அது. பஸ் என்று எழுத முடியாமல் நாய்களை ஆட்டோவில் ஏற்றினேன். பூனையை அணிலாக்கினேன். மூன்றாம் அத்தியாயத்தோடு மகள் என்னிடம் வந்து நின்றாள்.

“அப்பா, ‘மிஷின் வீடு’ன்னா இன்னா?”

“பட்டறைதான்.”

“அப்ப அப்படியே எழுத வேண்டியதுதானே?”

“சும்மா, ஒரு அழகுக்கு.”

நோட்டை என்னிடம் நீட்டினாள். “எ-எனக்காக மாத்தாத. நாய்க்குத் தெரியும் அது ப-ப-பட்டறைன்னு.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டை வாங்கி, அடித்து, அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் ஒன்பது இடத்தில் பட்டறை என்று எழுதினேன். ஒன்பதையும் அவள் படித்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரமானது. நாய்க்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

இதற்கிடையில் என் வண்டியில் வருகிறவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சேலத்திலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண், நான் பார்க்கிங்கில் கிறுக்கி சீட் பைக்குள் மறந்து வைத்த தாள்களை எடுத்துப் படித்திருக்கிறார். அடுத்த நாள் ஏறும்போதே, “அண்ணா, ஒல்லியனுக்கு வேலை கிடைச்சுதா இல்லையா? அதைச் சொல்லிட்டு வண்டிய எடுங்க” என்றார். கிடைக்கவில்லை என்றதும் உச்சுக்கொட்டினார். அவருக்கும் அந்த வாரம்தான் ஏதோ இன்டர்வியூ சரியாகப் போகவில்லையாம்.

நாலாவது அத்தியாயம் நடந்தபோதுதான் ஒரு சின்னப் பெண் வந்தாள். நான் மாடி வளைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். குண்டன் குடையைக் கண்டு அலறிக்கொண்டு ஓடி, மேனேஜரின் மேஜைக்கு அடியில் ஒளியும் இடம். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். என் மகளின் குரல் பட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். ரெட்டை ஜடை, அதே பள்ளி யூனிபார்ம், கையில் கொத்தமல்லிக் கட்டோடு ஒரு பெண். மகள் நோட்டை மூடி மடிக்கு அடியில் வைத்துக்கொண்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வகுப்பில் பேசிக் காட்டுகிறவள் இவள்தான் என்று.

நான் இறங்கிப் போனேன். சிக்னலில் ஒத்திகை பார்த்ததெல்லாம் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் அவள் என்னிடம் கேட்டாள்: “அங்கிள், அந்த நாய் மேஜைக்கு அடியில போச்சில்ல, ஆமேலே ஏனாயித்து?” வீட்டில் கன்னடம் பேசுகிறவள். தமிழைத் தெருவில் கற்றுக்கொண்டிருந்தாள். ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்பதைக் கேட்கிற அவசரத்தில் கன்னடம் வந்துவிட்டது.

கதை எழுதினவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் எப்படிச் சண்டை போடுவான்? வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. என் மகளுக்குத் தினமும் எப்படி இருக்கும் என்று அந்தச் சில நொடிகளில் கொஞ்சம் புரிந்தது.

“இவளுக்குச் சொல்லாத” என்றாள் மகள் பின்னாலிருந்து. திக்காமல் வந்தது.

அந்தப் பெண் போய்விட்டாள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நோட்டைக் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. கதை வேண்டுமென்றால் என் மகள் வாயிலிருந்துதான் வர வேண்டும். மகளுக்கும் அது தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி, நாயின் காதுக்குள் படித்தாள். அப்படித் தாழ்த்தினதில் உறுமலும் முணுமுணுப்பாகிவிட, நாய் குறட்டை விட ஆரம்பித்தது. மூன்று நாள் இப்படியே போனது. எதிர்ப்பக்கம் ஒருத்தி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், இந்தப் பக்கம் ஒருத்தி தூங்குகிற நாய்க்கு ரகசியம் படிக்கிறாள். பட்டறைக்காரர் என்னைக் கூப்பிட்டு, “இது இன்னா சார், ஏதாவது பிரார்த்தனையா?” என்று கேட்டார்.

நாலாம் நாள் மகள், “குண்டன் தன் பலத்தையெல்லாம் சேர்த்துக் குரைத்தான்” என்று படித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து குரைப்பு கேட்டது. பிள்ளைகள் ‘லொள் லொள்’ என்பார்களே, அது இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த, நிஜமான, வெறி பிடித்த குரைப்பு. எங்கள் நாய் துள்ளி எழுந்து ஷட்டரில் தலையை முட்டிக்கொண்டது. சுற்றும் முற்றும் பார்த்து, எதிரியைக் காணாமல், பொத்தாம் பொதுவாக ஆகாயத்தைப் பார்த்துக் குரைத்தது. தெருக்கோடியிலிருந்து இன்னும் மூன்று நாய்கள் சேர்ந்துகொண்டன. பட்டறைக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு இரும்புக் கம்பியோடு ஓடிவந்தார். எதிர் மாடி வீட்டு அம்மா பாத்திரம் தேய்த்த கையோடு பால்கனிக்கு வந்தார். ரெட்டை ஜடைப் பெண் ஒன்றும் தெரியாத மாதிரி கொத்தமல்லியை முகர்ந்துகொண்டு நின்றாள்.

என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இ-இன்னொரு தடவை பண்ணு” என்றாள்.

அந்தப் பெண் தெருவைக் கடந்து வந்து படியில் உட்கார்ந்தாள். நான் போகிற மாதிரி போய் வளைவில் நின்றுகொண்டேன்.

“நான் எல்லாரையும் பண்ணுவேன்” என்றாள் அந்தப் பெண். “எங்க அப்பா தும்முறது பண்ணுவேன். மிஸ் பண்ணுவேன். மிக்ஸி பண்ணுவேன்.”

“எ-என்னைப் பண்ணாத.”

அவள் யோசித்தாள். “சரி.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ். மிஸ் பண்ணட்டுமா?”

“ப-பண்ணு.”

டீச்சர் போனில் என்னிடம் பேசின அதே குரல் படிக்கட்டிலிருந்து வந்தது. நானே திடுக்கிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தையை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அது வரவில்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் மனது ஆறவில்லை.

அதற்குப் பிறகு மகள் படிப்பாள், அவள் குரைப்பாள். குண்டனுக்குக் கனத்த குரைப்பு, ஒல்லியனுக்குச் சளி பிடித்த குரைப்பு. லிப்ட் சத்தம், கார் ஹாரன், ஐ.டி. கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கிற ‘பீப்’ எல்லாமே அவள் பொறுப்பு. கதையில் பூனை வேண்டும் என்று அவளும், கூடவே கூடாது என்று இவளும் சண்டை போட்டு ஒன்றரை நாள் பேசாமல் இருந்தார்கள். நான் நடுவில் புகுந்து ஒரு பூனையை எழுதி, அதை உடனே ஊருக்கு அனுப்பிவைத்தேன். இருவருக்கும் பிடிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில் நாய் காணாமல் போனது. சாக்கு மட்டும் கிடந்தது. முதல் நாள் கறிக்கடையில் இருக்கும் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் பிஸ்கட் பாக்கெட்டை ஆட்டிக்கொண்டு இரண்டு பேரும் நாலு தெரு சுற்றினார்கள். வேறு வேறு நாய்கள்தான் பின்னால் வந்தன. பட்டறைக்காரர்தான் சொன்னார், மாநகராட்சி வண்டி வந்து வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போனது, கருத்தடை ஆபரேஷன் செய்து ஊசி போட்டு நாலைந்து நாளில் இங்கேயே கொண்டுவந்து விடுவார்கள் என்று. நான் அதை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். ‘ஆபரேஷன்’ என்ற வார்த்தையைத் தவிர வேறு எதுவும் அவர்கள் காதில் விழவில்லை.

மகள் நோட்டைத் தூக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டாள். “நாய் இல்லாம யாருக்குப் ப-படிக்கிறது?”

“எனக்குப் படி” என்றாள் அந்த ரெட்டை ஜடைத் தோழி.

“நீ நாயா?”

“ஆமா” என்று சொல்லிவிட்டு, அவள் கீழே போய் அந்தச் சாக்கில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். கிரீஸ் கறை யூனிபார்மில் ஒட்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மகள் நோட்டைப் பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படியில் உட்கார்ந்தாள். முதல் வார்த்தையே ‘பட்டறை’. அது வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. நான் மேலே நின்று கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வார்த்தையை முடித்துக் கொடுக்கவோ சிரிக்கவோ தெரிந்த ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தோழி இரண்டையும் செய்யவில்லை. நாய் செய்கிற மாதிரியே காதைச் சொறிந்துகொண்டாள். கொட்டாவி விட்டாள். வார்த்தை வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. அன்று ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தாள், நாயின் துணை இல்லாமல், எங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு மனுஷப் பிறவிக்கு முன்னால். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். “இன்னா, அழுதியா?” என்றாள் மனைவி. “சோப்பு” என்றேன்.

ஆறாம் நாள் மத்தியானம் வண்டி வந்து நாயை விட்டுவிட்டுப் போனது. இடது காதின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளம் அது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பருத்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பயங்கரக் கோபம். யார் கூப்பிட்டும் வரவில்லை. பிள்ளைகள் பள்ளி விட்டு ஓடிவந்தபோது அது தன் சாக்கை முகர்ந்து பார்த்து, அதில் இன்னொருத்தி உட்கார்ந்த வாசனை இருப்பதைக் கண்டுபிடித்து, சாக்கை வாயால் கவ்வி நாலடி தள்ளி இழுத்துப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

“கோவமா கீது” என்றாள் மகள்.

“கதை விட்டுப்போச்சில்ல, அதான்” என்றாள் தோழி. “நாம முடிச்சிட்டோம். அது கேக்கல.”

இரண்டு பேரும் கலந்து பேசி, விட்டுப்போன அத்தியாயங்களை முதலிலிருந்து படிப்பது என்று முடிவு செய்தார்கள். நாய் திரும்பவே இல்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. வெட்டுப்பட்ட காது மட்டும் உறுமல் வரும் இடங்களில் லேசாகப் பின்பக்கம் மடங்கியது. மூன்றாம் நாள்தான் முகத்தைக் காட்டியது.

கதையில் கடைசியில் குண்டனுக்கும் ஒல்லியனுக்கும் வேலை கிடைக்கிறது. கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டுகிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இருவரும் ஒருவர் கார்டை ஒருவர் தின்றுவிடுகிறார்கள். அதனால் மறுநாள் காலையில் உள்ளே விட மாட்டேன் என்று கேட்டில் இருப்பவர் தடுக்கிறார். தடுக்கப்பட்டவர்கள் கேட்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுகிறார்கள். சேலத்துப் பெண் முழுவதையும் லேப்டாப்பில் டைப் செய்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுப் பத்துப் பிரதி கொண்டுவந்து கொடுத்தார். அட்டைப் படம் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வரைந்தது. எது குண்டன், எது மேனேஜர் என்று அடையாளம் தெரியாது.

அந்த வருடக் கடைசியில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. டீச்சர் சொன்னார், இப்போது வாசிக்கிறாள், நேரமாகிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், இரண்டு மூன்று பேர் அவசரப்பட்டு வார்த்தையை எடுத்துக் கொடுத்தால் பக்கத்தில் இருப்பவள் அவர்களைப் பார்த்து உறுமுகிறாள் என்று. “அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க சார்” என்றார். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

திக்கல் போய்விட்டதா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். போகவில்லை. சில நாள் கூடும், சில நாள் குறையும். பால் வேண்டுமென்றால் பால் என்று கேட்கிறாள்.

இப்போது இருவரும் ஐந்தாம் வகுப்பு. நாய் எங்கள் தெருவைவிட்டு அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த சிக்கன் கடை வாசலுக்குக் குடிபோய்விட்டது. வழியில் பார்த்தால் வாலை ஒரு ஆட்டு ஆட்டும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தேன். “அதுக்கு அங்க நல்லா இருக்குது” என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது புத்தகத்தை அவர்களே எழுதுகிறார்கள். தோழிக்கு என் மகள் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ‘ழ’ இன்னும் தகராறு. என்னை நோட்டைத் தொடவே விடுவதில்லை. நான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்படி எழுதத் தெரியாதவன் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறார்கள். எப்போதாவது தகவல் மட்டும் கேட்பார்கள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்.

“அப்பா, மேம்பாலத்துல நாய் ஓட்டிக்கினு வந்தா டோல்ல விடுவாங்களா?”

“இன்னா ஓட்டிக்கினு?”

“ஸ்கூட்டர்.”

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் வண்டியில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, டோலில் நின்றவரிடம் நிஜமாகவே கேட்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். “ஹெல்மெட் போட்டிருக்குமா?” என்று கன்னடத்தில் கேட்டார். போட்டிருக்கும் என்றேன். “அப்போ விட்டுடலாம்” என்றார்.

சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் படியிலேயே நின்று இதைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஹெல்மெட் வேணாம்பா” என்றாள் மகள். “க-காது உள்ள போகாது.”

தோழி நோட்டில் ஏதோ எழுதினதை அடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, “அங்கிள், நீங்க மேல போங்க, நாங்க வேலையா இருக்கோம்” என்றாள்.